டாக்டரைக் குளிப்பாட்டினோம்

டென்வர், காசநோய்க் கூடாரம்

என் கோபக்காரிக்கு,

நான் சுகம். என் இருமலும் சுகம்.

டாக்டர் பெரெல்சன் போய்விட்டார். நம்மைப் போலவே ரஷ்யாவிலிருந்து கப்பலேறி வந்தவரை எங்கள் காசமே கொண்டுபோய்விட்டது. நம் யூத வழக்கப்படி பிணத்தைக் கழுவி வெள்ளை உடுத்திவிட வேண்டிய ஊர்ச் சங்கத்தார் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள்.

"தொத்திக்கும்பா, அப்படியே புதைச்சிருங்க" என்றான் தலைவன் யூடல். அவன் மகளைப் பிழைக்கவைத்தவரே இவர்தான். துப்பக் கூடாதென்பது டாக்டர் சட்டம். இல்லாவிட்டால் அந்த மூஞ்சியில் துப்பியிருப்பேன்.

"நீ வீட்டுக்குப் போய் சோப்பைத் தின்னுய்யா. எங்களுக்கு இனிமே தொத்த என்ன இருக்கு?" என்றேன்.

நோயாளிகள் நாலு பேர் கழுவினோம். இருமல் வந்தபோதெல்லாம் அவர் பழக்கியபடி முகத்தைத் திருப்பிக்கொண்டோம்.

'உங்களுக்கு அங்கே யார் இருக்கிறார்கள்' என்று அழுது எழுதியிருந்தாயே. கவலைப்படாதே. என்னோடு கழுவிய மற்ற மூவரிடமும் என் முறைக்குச் சொல்லிவைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
உன் தொல்லை