துரைக்கு வைத்த சலாம்

1958 ஐப்பசி, செவ்வாய் இரவு.

இன்று ஏரிப் படகின் பாய்மர உச்சியில் கப்பி இறுகிப்போனது. தங்கச்சி புருஷன் அருளப்பனைப் பலகையில் உட்காரவைத்து, இன்னொரு கப்பிக் கயிற்றில் நான்தான் மேலே ஏற்றினேன். ஏற்றியதும் கயிற்றை மரத்தடி முளையில் கட்டிவிட வேண்டும். நான் கட்டாமல் முளையில் ஒரு சுற்று மட்டும் சுற்றி, முனையைக் கையில் பிடித்தபடி நின்றேன்.

அந்நேரம் எங்கள் படகு கிளப்பின் வெள்ளைக்காரத் துரை வந்தார். என் வலக்கை தானாக நெற்றிக்குப் போய்விட்டது.

கயிறு உருவிக்கொண்டு ஓடியது. அருளப்பன் ஓர் ஆள் உயரம் சரிந்துவிட்டான். இடக்கை தோல் உரிய இழுத்துப் பிடித்தேன். துரை தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இறங்கியதும், "கயிறு வழுக்கிருச்சா மச்சான்?" என்று கேட்டான்.

"ஆமாப்பா, மழை ஈரம் கெடக்குல்ல" என்றேன். நம்பிவிட்டான்.

சாயங்காலம் என் கைக்கு மஞ்சள் பற்றுப் போட்டபோது தங்கச்சி சொன்னாள்: "மச்சான் கயித்தப் புடிச்சா எனக்குப் பயமே இல்லன்னு சொல்றாருண்ணே. வேலை மிச்சம் இருக்காமே, நாளைக்கும் நீங்களே புடிங்க."

நாளைக்கு அவனை மேலே ஏற்றியதும் முதலில் கயிற்றை முளையில் கட்டிவிட வேண்டும். அப்புறம்தான் யாருக்கும் சலாம்.

இப்படி எழுதிவிட்டேன். ஆனால் அந்தக் கை என்னைக் கேட்டுவிட்டா எழுந்தது?