கிளம்பிவிட்ட கை

அய்யா,

கயத்தாறு பஸ்ஸில் பக்கத்து இருக்கைப் பெரியவரிடமிருந்து வாதத் தைல வாடை வந்தது. அவ்வளவுதான், எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்தேன், மூடினேன், பாதி வழியிலேயே இறங்கிவிட்டேன். வெயிலில் நடந்து வந்த கையோடு இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில், என் கல்யாணத்துக்கு நாள் குறித்த பிறகுதானே உங்களுக்கு வாதம் வந்தது? எப்போதும்வென்றான் ஊர்க் காட்டில் உடைமரக் கிளையில் துரட்டிக் கம்பை மாட்டி ஆடுகளுக்கு உடங்காய் உலுப்பிய வலது கை, மடியில் சும்மா கிடந்தது. உங்கள் கவலையெல்லாம் ஒன்றுதான்: மணவறையில் எனக்குத் திருநீறு பூச வேண்டும். இடது கையால் பூசுவதாவது! "வேற யாரையாச்சும் பூசச் சொல்லுவோம்" என்ற சித்தப்பாவிடம், "நான் செத்தா போயிட்டேன்?" என்று சீறினீர்கள்.

திருநெல்வேலி டாக்டர் பொறுமையாகச் சொன்னார். "ஒண்ணை எட்டி எடுக்கணும்னா, கை அசையுததுக்கு முன்னாடியே மூளை தயாராயிரும். எங்க இருக்கு, எம்புட்டு தூரம், எந்தப் பக்கமா போகணும், எல்லாம் அங்கன முடிவாயிரும். கை போகலைன்னாலும் போற மாதிரி நினைச்சுக்கிட்டே இருங்க. பலன் கிடைச்சாலும் கிடைக்கும்."

அன்றிலிருந்து திருநீற்றுக் கிண்ணத்தை எதிரே வைத்து வெறித்துக்கொண்டிருப்பீர்கள். ஊருக்கு அது போதாதா? முனி அடித்துவிட்டதென்று சித்தப்பா கோடாங்கியையே கூட்டி வந்துவிட்டார். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே கத்தினீர்கள்: "ஏலே, நான் வேலை செஞ்சுக்கிட்டு இருக்கேன். போங்கலே அங்கிட்டு!" எனக்குச் சிரிப்பு, அம்மாவுக்கு அழுகை.

நானோ அவசரக்காரி. "அசையுதா? இப்ப அசையுதா?" என்று நொய்நொய்யென்று கேட்பேன். "கை கிளம்பிட்டு, ஏட்டி. வந்து சேரலை, அம்புட்டுதான்" என்பீர்கள்.

மணவறையில் உங்கள் முன் குனிந்தேன். விரல்களில் திருநீற்றை வைத்தார்கள். கை எழவில்லை. நெற்றி நரம்பு புடைத்தது, தோள் மட்டும் லேசாகத் துடித்தது. பொறுக்காமல் சித்தப்பா உங்கள் கையைத் தூக்க வந்தார். "தொடாதீங்க!" என்று கல்யாணப் பெண் நான் போட்ட சத்தத்தில் மேளக்காரர்கூட நிறுத்திவிட்டார். அந்தக் கை கிளம்பிவிட்டது என்று எனக்குத் தெரியும். மண்டியிட்டு, உங்கள் மடியில் கிடந்த விரல்களில் என் நெற்றியை வைத்தேன்.

"வந்துட்டு தாயி" என்றீர்கள்.

நான் இன்றும் அவசரக்காரிதான் அய்யா, சோறு வேகுமுன் நாலு தடவை மூடியைத் திறப்பவள். ஆனால் என் மருமகளுக்குத் திக்குவாய். அவள் ஒரு வார்த்தைக்குத் திணறும்போது எனக்கு நாக்கு துறுதுறுக்கும். எடுத்துக் கொடுப்பதில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாவது, அவளே சொல்லும்வரை நிற்கிறேன்.