நேரில் கண்டவர்: மஹ்பூபி, நாட்றம்பள்ளி

சத்துவாச்சாரி,
வியாழக்கிழமை.

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபீபி எழுதுகிறேன். ஸ்தோத்திரம் சொல்லித்தான் நம் வீட்டில் கடிதம் தொடங்குவது வழக்கம். இன்று அந்தச் சொல் வாயில் வரவில்லை. கடைசியிலாவது வருகிறதா பார்ப்போம்.

போனில் சொல்லாமல் ஏன் மெயிலில் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். மூன்று முறை போன் செய்தேன். பேச்சு முற்றியதும் மூன்று முறையும் உங்களுக்கு நெட் போய்விட்டது. சத்துவாச்சாரியில் எனக்கு நெட் இருக்கிறது, டாலஸில் உங்களுக்கு இல்லையாம். உங்கள் செய்தி இணையதளத்தில் போய் நாலு வரி எழுதினேன், அதையும் அழித்துவிட்டீர்கள். சொந்த மகள் எழுதியதை! கடிதத்தையாவது பாதியில் கட் பண்ண முடியாது அல்லவா.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். கிணற்று மோட்டார் ரிப்பேராகி, கம்பிச்சுருள் புதிதாகச் சுற்றி வந்துவிட்டது. அம்மாவுக்கு மூன்று மாதத்துக்கான பிரஷர் மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், யாராவது அங்கே வந்தால் கொடுத்தனுப்புகிறேன். தம்பி ரோஹனிடம் சொல்லுங்கள், அவன் உங்களுக்குக் கட்டிக் கொடுத்த வெப்சைட் ரொம்ப நன்றாக வேலை செய்கிறது. அதுதான் பிரச்சினையே.

உங்கள் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் மணி அடித்த சவுரியம்மாளை இன்னும் காணவில்லை. பதினோரு நாள் ஆகிறது. இரண்டு வருடமாகவே அவர்களுக்கு ஞாபகம் சரியில்லை. போன ஞாயிற்றுக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து மகன் பிரேம்நாத் வண்டியை எடுக்கப் போன ஐந்து நிமிஷத்தில் பஸ் ஏறிவிட்டார்கள். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, எங்கே போகிறாய் என்று யாரும் துருவிக் கேட்பதில்லை. ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறி, செவ்வாய்க்கிழமை நாட்றம்பள்ளியில் இறங்கியிருக்கிறார்கள்.

அங்கே பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மஹ்பூபி என்கிற அம்மா இட்லிக் கடை வைத்திருக்கிறாள். வெயிலில் உட்கார்ந்திருந்த சவுரியம்மாளை வீட்டுக்குக் கூட்டிப் போய், குளிப்பாட்டி, தன் புடவையைக் கட்டிவிட்டு, சோறு போட்டிருக்கிறாள். மஹ்பூபியின் மகள் எங்கள் ஷூ கம்பெனியில்தான் வேலை செய்கிறாள். அவள் தையல் லைனில் இருக்கும் அம்பிகாவிடம் சொல்லியிருக்கிறாள்.

ஆம்பூர் அம்பிகாவைப் பற்றி உங்களுக்கு முன்பே சொல்லியிருக்கிறேன். பகலெல்லாம் ஷூவுக்கு மேல்தோல் தைத்துவிட்டு, சாயந்திரம் ஸ்கூட்டியில் சுற்றிச் செய்தி சேகரித்து, ஒரு சின்ன ஃபேஸ்புக் பக்கம் நடத்துகிறவள். தொள்ளாயிரம் பேர் பார்ப்பார்கள். அவள் வைத்திருக்கிற ஒரு சட்டம் எனக்குப் பிடிக்கும். எந்தச் செய்தியானாலும் கடைசி வரியில் ‘நேரில் கண்டவர்’ என்று போட்டு, பேர், ஊர், போன் நம்பர் கொடுப்பாள். கண்டவர் இல்லாவிட்டால் செய்தியும் இல்லை. வாட்ஸ்அப்பில் வந்ததை எடுத்துப் போடச் சொன்னால், “நீ பாத்தியா? பாத்தவங்கள காட்டு, அப்பறம் பேசு” என்பாள்.

அன்றைக்கும் ஷிஃப்டு முடிந்ததும் நாட்றம்பள்ளிக்குப் போய், கண்ணால் பார்த்து, படம் எடுத்து, எட்டு வரி எழுதினாள். கடைசி வரி: நேரில் கண்டவர், மஹ்பூபி, பஸ் ஸ்டாண்டு இட்லிக் கடை, நாட்றம்பள்ளி. பக்கத்தில் நம்பர்.

அதை நீங்கள் எடுத்தீர்கள். இரண்டு மணி நேரத்துக்குள் உங்கள் தளத்தில் வந்துவிட்டது. ‘மனிதநேயம் இன்னும் சாகவில்லை’ என்று தலைப்பு. ‘நமது சிறப்புச் செய்தியாளர்’ என்று கீழே. யார் அப்பா அந்தச் சிறப்புச் செய்தியாளர்? டாலஸில் சோபாவில் உட்கார்ந்து நாட்றம்பள்ளிக்குப் போய்வந்தவரா? ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அது இதுதான்.

எடுத்தது போகட்டும். எடுத்ததை என்ன செய்தீர்கள்? நாட்றம்பள்ளி என்றால் வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது என்று ‘ஆம்பூர் அருகே’ ஆக்கினீர்கள். மஹ்பூபியை ‘தேவபக்தியுள்ள ஒரு சகோதரி’ ஆக்கினீர்கள். அதைப் படித்து எந்த சபை, எந்த சபை என்று பதினேழு பேர் கேட்டிருக்கிறார்கள். ஒருவருக்கும் நீங்கள் பதில் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொன்றுக்கும் இதயப் படம் போட்டிருக்கிறீர்கள். தொழுகைக்கு முக்காடு போட்டு உட்காருகிற பெண்ணை அவளுக்கே தெரியாமல் நம் சபையில் சேர்த்துவிட்டீர்கள். கடைசி வரியை வெட்டி எறிந்தீர்கள். படத்தில் சவுரியம்மாளின் முகத்துக்கு மேலேயே உங்கள் தளத்தின் முத்திரையைக் குத்தினீர்கள். சீ!

அடுத்து நடந்ததைக் கேளுங்கள். மறுநாள் புதன்கிழமை காலை பத்து மணிக்கு யாரோ உங்கள் செய்தியைப் பிரேம்நாத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். முத்திரைக்குக் கீழே தாடையை மட்டும் பார்த்தே அம்மா என்று தெரிந்துகொண்டான். “சார், இது எங்கம்மா. எங்க இருக்காங்க சார்?” என்று உங்கள் தளத்தில் எழுதினான். ஒரு முறை இல்லை, ஆறு முறை. உங்களுக்கு அப்போது ராத்திரி, தூங்குகிறீர்கள். அவன் ‘ஆம்பூர் அருகே’ என்பதை நம்பி, ஆம்பூரில் மசூதி, சர்ச், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று பகல் முழுக்க அலைந்திருக்கிறான். தேவபக்தியுள்ள சகோதரியைத் தேடியிருக்கிறான், பாவம்.

அங்கிருந்து முக்கால் மணி நேரத் தூரத்தில் மஹ்பூபி கடையைத் திறக்காமல், போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். போன் வரவே இல்லை. நாலு மணிக்குத் தண்ணீர் பிடிக்கப் பின்பக்கம் போயிருக்கிறாள். திரும்பி வந்தால் கதவு திறந்து கிடக்கிறது.

அன்று சாயந்திரம் கம்பெனி பஸ்ஸில் நான் உங்கள் தளத்தைப் பெருமையாக அம்பிகாவிடம் காட்டினேன். ஆமாம், பெருமையாகத்தான்! அவள் பார்த்தாள். “அக்கா, இது என்னுது” என்றாள். அப்புறம் விரலால் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டு, “நம்பர் எங்கக்கா? நம்பர் எங்க?” என்று கத்தினாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. அவள் போனில் முத்திரை இல்லாத படத்தைப் பார்த்ததும்தான் அது சவுரியம்மாள் என்று எனக்குத் தெரிந்தது. பிரேம்நாத்துக்கு நான்தான் போன் செய்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டில் சவுரியம்மாளின் பழைய புடவை துவைத்துக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மஹ்பூபி அழுதுவிட்டாள். “நான் இன்னாத்துக்கும்மா பேரு போட சொன்னேன்? எனக்கு பேர் வந்து இன்னா ஆவப்போவுது? பெத்த புள்ள வந்து கூட்டிக்கினு போவட்டும்னுதானே” என்றாள். எனக்கு நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உங்கள் மகள் என்று அங்கே நான் சொல்லவும் இல்லை. கோழைத்தனம்தான்.

பிரேம்நாத்தின் ஆறு கேள்விக்கு நீங்கள் காலையில் எழுந்து கொடுத்த பதிலையும் பார்த்தேன். கும்பிடும் கைகள் படம். அவ்வளவுதான்.

போனில் நீங்கள் சொன்னதெல்லாம் என் காதிலேயே நிற்கிறது. செய்தி என்ன யார் வீட்டுச் சொத்தா என்றீர்கள். ஷூ கம்பெனியில் தைக்கிற பெண்ணின் பேரையெல்லாம் போட்டால் தளத்துக்கு ஒரு ஸ்டாண்டர்டு வேண்டாமா என்றீர்கள். அவள் எழுதியதை எடுக்கும்போது அந்த ஸ்டாண்டர்டு எங்கே போயிருந்தது? படத்தில் இருப்பது சவுரியம்மாள் என்று நான் சொன்ன பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நானும் அப்பா அழுகிறார் என்று நினைத்தேன். “அப்ப நல்லா குண்டா இருப்பாங்களே” என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை அங்கே தமிழ்ச் சங்க விழாவில் சிறந்த சமூக ஊடகம் என்று உங்களுக்குக் கேடயம் தருவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தீர்கள். அந்தச் செய்திக்காகத்தான் கேடயமாம். இப்போது திருத்தினால் தப்பை ஒப்புக்கொண்டது மாதிரி ஆகுமாம், விழா முடியட்டுமாம்.

பதனிடாத பச்சைத்தோல் ஏற்றின லாரிக்குப் பின்னால் தினமும்தான் போகிறேன். மூக்கைப் பொத்திக்கொண்டால் அது தாண்டிப் போய்விடும். இது அப்படிப் போகவில்லை அப்பா.

ஏழாம் வகுப்பில் நான் பக்கத்தில் இருந்தவளின் தாளைப் பார்த்து மூன்று ஆறுகளின் பேரை எழுதினேன். நீங்கள் ஹெட்மாஸ்டர். வகுப்பு முழுக்கப் பார்க்க என் தாளை நாலாகக் கிழித்தீர்கள். வீட்டில் அம்மா உங்களோடு சண்டை போட்டபோது, “காப்பி அடிச்சவ எவளா இருந்தா இன்னா?” என்றீர்கள். அன்று உங்கள் மேல் கோபம் வந்தது. ஆனால் இத்தனை வருடமும் அதைப் பெருமையாகத்தான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். அதைக் கூடக் கெடுத்துவிட்டீர்கள்.

இனி சொல்லப்போவதுதான் முக்கியம். உங்கள் செய்தி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நாலாயிரம் பேருக்கு மேல் பகிர்ந்திருக்கிறார்கள். அதில் சவுரியம்மாள் ‘பத்திரமாக இருக்கிறார்’ என்று இருக்கிறது. அம்பிகா ‘மறுபடி காணவில்லை’ என்று போட்டதை யாரும் நம்புவதில்லை. அதான் கிடைச்சுட்டாங்களே, பெரிய சைட்டிலேயே வந்துச்சே, சும்மா ஏன் பேஜார் பண்றீங்க என்று அவளையே திட்டுகிறார்கள்.

நேற்று பிரேம்நாத் திமிரியில் நோட்டீஸ் ஒட்டப் போனான். பஸ் ஸ்டாப் டீக்கடைக்காரர் நோட்டீஸைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாராம். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை சவுரியம்மாள் அவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவருக்கு அடையாளமும் தெரிந்திருக்கிறது. “இவங்க கெடைச்சுட்டாங்கன்னு வெப்சைட்ல பாத்தனே சார், சொந்தக்காரங்க வூட்டுக்கு வந்திருக்காங்க போலன்னு நெனச்சிக்கினேன்” என்றாராம். டீயும் பன்னும் கொடுத்து, அவர்கள் பஸ் ஏறியபோது கையைப் பிடித்து ஏற்றியும் விட்டிருக்கிறார், நல்ல மனுஷன். நீங்கள் அந்தக் கடைசி வரியை வெட்டாமல் விட்டிருந்தாலோ, நான் கெஞ்சிய அன்றே திருத்தியிருந்தாலோ, இந்நேரம் அவர்கள் வீட்டில் இருந்திருப்பார்கள்.

டீக்கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். அவர்கள் அடிக்கடி மணி கேட்டார்களாம். நாலு ஆகப்போகிறது என்றதும் எழுந்துவிட்டார்களாம். “பெல் அடிக்கணும்ப்பா, ஹெட்மாஸ்டர் சார் பாத்துக்கினு இருப்பாரு” என்றார்களாம். மஹ்பூபியிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். யாரைத் தேடிக்கொண்டு பஸ் பஸ்ஸாக ஏறுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அதனால் ஒன்று கேட்கிறேன் அப்பா. நீங்கள் எனக்கு எதையும் விளக்க வேண்டாம். மன்னிப்பும் வேண்டாம். விழாவுக்குப் போங்கள், கேடயத்தை வாங்குங்கள், ரோஹன் வீட்டு ஹாலில் மாட்டுங்கள். ஆனால் எழுந்ததும், பல் விளக்குவதற்கு முன்னால், பழைய செய்தியை எடுத்துவிட்டு, கீழே இருப்பதை உங்கள் தளத்தின் முதல் பக்கத்தில் போடுங்கள். இதை அப்படியே காப்பி அடியுங்கள். ஒரு எழுத்தும் மாற்றாதீர்கள்.

‘சவுரியம்மாள், வயது 74, இன்னும் கிடைக்கவில்லை. இத்தளத்தில் முன்பு வந்த செய்தி, அம்பிகா, ஆம்பூர், நேரில் சென்று எழுதியது. நாங்கள் அவர் பேரையும், நேரில் கண்டவரின் பேரையும், ஊரையும், போன் நம்பரையும் எடுத்துவிட்டுப் போட்டோம். முதலில் கண்டவர்: மஹ்பூபி, நாட்றம்பள்ளி. கடைசியாகக் கண்டவர்: டீக்கடை உரிமையாளர், திமிரி பஸ் ஸ்டாப். பார்த்தவர்கள் அவரை உட்கார வைத்து, மகன் பிரேம்நாத்துக்குப் போன் செய்யுங்கள்.’

நம்பரும் அவர்கள் முகம் தெரிகிற படமும் இணைத்திருக்கிறேன். அதன் மேல் முத்திரை குத்தாதீர்கள்.

அம்மாவிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மறைத்தால் நான் படித்துக் காட்டுவேன். உங்களுக்குச் சுகமும் நல்ல புத்தியும் கிடைக்க ஜெபிக்கிறேன். ஸ்தோத்திரத்தை, அவர்கள் வீடு வந்த பிறகு சொல்கிறேன்.

இதை அனுப்பும்போது இங்கே மணி மூன்றரை. உங்களுக்கு விடியற்காலை ஐந்து, எழுந்திருப்பீர்கள். இன்னும் அரை மணி நேரத்தில் அவர்கள் எங்கேயோ ஒரு இடத்தில் எழுந்து நிற்பார்கள் அப்பா.

உங்கள் மகள்,
ஃபீபி