ஜூலையில் வந்த பணம்

செயின்ட் ஹெலன்ஸ், டாஸ்மேனியா
14 அக்டோபர் 2019

அன்புள்ள மெர்ல் அண்ணனுக்கு,

அப்பா வீட்டை விற்றதிலிருந்து கிறிஸ்துமஸ் அட்டையோடு நிறுத்திக்கொண்ட தங்கை திடீரென்று கடிதம் எழுதினால் என்ன வேண்டுமாம் என்றுதான் தோன்றும். வேண்டும், அண்ணா. போனில் பேசினால் மீன் ஏலம் போலக் கத்திக்கொள்வோம் என்பதால் எழுதுகிறேன்.

கடை நன்றாக ஓடுகிறது. பழைய படகு இன்ஜின், கயிறு, சிங்கி இறால் கூண்டு எல்லாம் போட்ட விலைக்கு இரண்டு மடங்காகப் போகின்றன. ஆனால் கொட்டகை இன்னும் வாடகைதான். குத்தகை 2022 ஜூனில் முடிகிறது. சொந்தக்காரன் பாரி சொல்லிவிட்டான்: "விக்கும்போது முதல்ல உன்னைத்தான் கேப்பேன், வெர்னா. உன்கிட்ட காசு இல்லேன்னா ஹோட்டல்காரன் காத்துக்கிட்டிருக்கான். என்னைத் திட்டாதே."

அதற்காகத்தான் என் சூப்பரை நம்பியிருந்தேன். இங்கே ஓய்வுக்காலச் சேமிப்புக்கு அதுதான் பெயர். எனக்கு அறுபது வயதாகி, கடையை மகள் டெஸ்ஸிடம் கொடுத்து, சம்பளம் வாங்குவதை நிறுத்தினால் இங்கே வரியில்லாமல் எடுக்கலாம். நானும் என் வீட்டுக்காரர் நெவிலும் எங்கள் நிதியை நாங்களே நடத்துகிறோம். இந்த ஊரில் பாதிக் கடைக்காரர்கள் அப்படித்தான்.

பிறந்தது மெய்னில் அல்லவா, அதனால் அமெரிக்காவுக்கும் ஆண்டுதோறும் கணக்குச் சொல்கிறேன். அவர்கள் பார்வையில் என் சூப்பர் ஒரு வெளிநாட்டு டிரஸ்ட். பெரிய பணக்காரன் பேரனுக்கு எழுதிவைப்பதுதான் டிரஸ்ட் என்று நினைத்திருந்தேன். என்னுடையது கயிறு விற்ற காசு. அந்த டிரஸ்ட் படிவத்துக்குக் கெடு மார்ச். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஜூன் வரை தவணை உண்டே, எல்லாவற்றுக்கும் அதுதான் என்று நம்பி மூன்று வருஷம் ஜூனில் அனுப்பினேன். இப்போது அபராதம் முப்பதாயிரம் டாலர். அமெரிக்க டாலர்.

கடனாகத் தருவாயா? அப்பா வீட்டில் என் பங்கை 2011 ஜூனுக்குள் அனுப்பச் சொல்லியும் நீ ஜூலையில்தான் அனுப்பினாய். ஜூன் முடிந்தால் இங்கே கணக்கு வருஷமே முடிந்துவிடும். அந்த வருஷ வரம்புக்குள் சூப்பரில் போடும் வாய்ப்பு கைவிட்டுப் போனது. அன்று எனக்கு வந்த நஷ்டத்துக்கு இன்றாவது ஈடு செய்.

உன் தங்கை,
வெர்னா


ஜோன்ஸ்போர்ட், மெய்ன்
20 நவம்பர் 2019

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

கடன் கேட்கும்போதே திட்டும் ஒரே ஆள் நீதான். படித்துவிட்டு உன் அண்ணி லின்னெட் சிரித்தாள். "ஒங்க வீட்டு ரத்தம், வேற எப்படி கேப்பா" என்றாள்.

பத்தாயிரம் தருகிறேன். நாலு சதவீத வட்டி. சிங்கி இறால் கூண்டுக்கு இரை விற்கும் வியாபாரத்தில் அதற்கு மேல் என் கையில் நிற்பதில்லை. இரைக்கான ஹெர்ரிங் மீனைப் பிடிக்கும் அளவை அரசாங்கம் வெட்டிவிட்டது. இரை விலை ஏறி, வாங்குகிறவர்கள் என்னைத் திருடன் போலப் பார்க்கிறார்கள்.

ஜூலை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். எட்டு வருஷமாக நீ கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. போர்ட்லண்ட்காரன் வீட்டுக்கு விலை சொன்னான். கண்ணைப் பார்த்தாலே ஏறுவான் என்று தெரிந்தது. மூன்று வாரம் போனை எடுக்கவில்லை. நாலாயிரம் ஏறினான். அதில் பாதி உனக்குத்தான் வந்தது. எண்ணிப் பார்த்திருக்க மாட்டாய். கோபத்தில் இருந்தாய்.

ஒரு யோசனை, பிடிக்காவிட்டால் விட்டுவிடு. அந்த அமெரிக்கப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் வருஷா வருஷம் இந்தத் தொல்லை இராதே?

உன் அண்ணன்,
மெர்ல்


செயின்ட் ஹெலன்ஸ்
27 ஏப்ரல் 2020

அன்புள்ள அண்ணா,

ஊரெல்லாம் அடைத்துக் கிடக்கிறது. நாங்கள் சுகம். நீயும் லின்னெட் அண்ணியும் வெளியே அலையாதீர்கள். பாஸ்போர்ட்டைப் பற்றி இனி எழுதாதே. கடன் இருக்கும்போது கடையைப் பூட்டிக்கொண்டு ஓடும் பழக்கம் எனக்கில்லை.

உன் பத்தாயிரம் வேண்டியிருக்காது போலிருக்கிறது. உட்கார்ந்துகொண்டு படி.

எங்கள் கணக்காளர் பிரியோனி ஹோபார்ட்டிலிருந்து போன் செய்தாள். மார்ச்சில் அமெரிக்காவில் புது அறிவிப்பு வந்திருக்கிறதாம். உண்மையான ஓய்வூதிய நிதியாக இருந்தால் அந்த டிரஸ்ட் படிவமே வேண்டாம். ஏற்கெனவே போட்ட அபராதத்தையும் நீக்கக் கேட்கலாம். நிபந்தனைகள் உண்டு. வருஷத்துக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு எங்களுக்குப் பிரச்சினையில்லை. அடுத்ததுதான் சிக்கல். உள்ளே போன காசு உழைத்துச் சம்பாதித்ததாக மட்டுமே இருக்க வேண்டும்.

"ஞாபகப்படுத்திச் சொல்லுங்க, வெர்னா. சொத்து வித்தது, பரம்பரையா வந்தது, எதாவது ஒருவாட்டி உள்ள போச்சா?" என்று கேட்டாள். "அப்பா வீட்டுப் பணத்தைப் போடப் பார்த்தேன்" என்றேன். "போட்டீங்களா?" என்றாள். "இல்ல. எங்கண்ணன் லேட்டா அனுப்பினான். அந்தக் கோபத்துல ஃபோர்க்லிஃப்ட் வாங்கிட்டேன்" என்றேன்.

பிரியோனி சிரித்த சிரிப்பில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தேன். "ஒங்க அண்ணனுக்கு ஒரு பாட்டில் அனுப்புங்க" என்றாள்.

நீ ஒழுங்காக ஜூனில் அனுப்பியிருந்தால் அந்த ஒரு தொகையால் இந்த நிபந்தனையிலேயே தோற்றிருப்பேன், அண்ணா. கடையில் சாமான் தூக்கும் அந்த ஃபோர்க்லிஃப்ட் வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. கடையைப் பூட்டிவிட்டு அதன் மேல் உட்கார்ந்து சிரித்தேன். கொஞ்சம் அழுதேன் என்றும் வைத்துக்கொள். எட்டு வருஷம் யாரிடம் கோபித்துக்கொண்டிருந்தேன் என்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மனு போகிறது. இன்னும் ஜெயிக்கவில்லை. ஊரில் சொல்லிவிடாதே.

வெர்னா


ஜோன்ஸ்போர்ட்
9 ஜூன் 2020

என் புத்திசாலித் தங்கைக்கு,

ஊரில் சொல்லிவிட்டேன். தபால் நிலையத்திலிருந்து படகுத்துறை வரை எல்லாருக்கும் தெரியும். மெர்ல் என்பவன் தொலைநோக்கு உள்ளவன், தங்கையின் பிற்காலத்தை எண்ணித்தான் பணத்தைத் தாமதித்தான் என்று பேச்சு. நான் மறுக்கவில்லை.

மனு ஜெயித்தால் எனக்கு ஐந்து சதவீதக் கமிஷன். தோற்றால் பத்தாயிரம் தயாராக இருக்கிறது. வட்டி வேண்டாம். இதை லின்னெட்டிடம் சொல்லாதே.

மெர்ல்


செயின்ட் ஹெலன்ஸ்
16 மார்ச் 2022

அன்புள்ள அண்ணா,

ஜெயித்துவிட்டோம்.

இரண்டு வருஷம் போல இழுத்தார்கள். நடுவில் இரண்டு முறை பாக்கியைக் கட்டு என்று எச்சரிக்கை வந்தது. பிரியோனி பதில் எழுதிக்கொண்டே இருந்தாள், நான் கூண்டு விற்றுக்கொண்டே இருந்தேன். போன மாதம் மூன்று வருஷத்து அபராதமும் ரத்து என்று வந்துவிட்டது. கட்ட வேண்டியது பூஜ்யம். அந்தப் பூஜ்யத்தைச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கிறாள் டெஸ். அறுபதாவது பிறந்தநாளுக்கு வேறு பரிசே தேவைப்படவில்லை.

கடையை டெஸ்ஸிடம் கொடுத்துவிட்டுச் சூப்பரை எடுத்தாயிற்று. நேற்று பாரியோடு கையெழுத்துப் போட்டோம். அவன் விலையை ஏற்றப் பார்த்தான். எனக்கு உன் வித்தை ஞாபகம் வந்தது. மூன்று வாரம் அவன் போனை எடுக்கவில்லை. கடைசியில் அவனே வந்து நின்றான். "போனை எடுத்தா கையா ஒடிஞ்சிடும்? பழைய விலைக்கே எடுத்துக்கோ, போ" என்றான். கொட்டகை நம்முடையது, அண்ணா. கூரை, படகுத்துறை, ஒழுகும் மூலை எல்லாம்.

கமிஷன் தரமாட்டேன். அந்தத் தாமதம் என் நன்மைக்கு இல்லை, நாலாயிரத்துக்கு என்று நீயே கைப்பட எழுதியிருக்கிறாய். அந்தக் கடிதம் பத்திரமாக இருக்கிறது. அதற்குப் பதிலாக உனக்கும் அண்ணிக்கும் விமான டிக்கெட். இங்கே எல்லை திறந்துவிட்டார்கள். நீ கால் வைக்காத கடையைப் பற்றி ஊரெல்லாம் பெருமை பேசுவது நியாயமில்லை.

ஜூன் முப்பதாம் தேதி கணக்கு முடித்து, ஃபோர்க்லிஃப்டுக்குப் புதுச் சாயம் அடிப்பேன். அதை நீதான் முதலில் ஓட்ட வேண்டும். அதற்கு முன் வந்து சேர். ஒரு தடவை உன் பணம் ஜூலையில் வந்தது எனக்கு லாபமாக முடிந்தது. மறுபடி ஜூலை என்றால் வாங்கிக்கொள்ள மாட்டேன்.

காத்திருக்கும் தங்கை,
வெர்னா