அப்பா பார்க்கும் படங்கள்

மார்ச் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

நானும் அம்மாவும் நலம். போனில் உங்களிடம் பேச எனக்கு வாய் வராது, அதனால் எழுதுகிறேன். நான் வேலை பார்க்கும் தையல் கடையில் இப்போது சட்டைக்குக் காஜா எடுக்கவும் விடுகிறார்கள். பள்ளியை விட்டதற்கு அம்மா இன்னும் திட்டுகிறாள், ஆனால் முன்பு போல இல்லை.

படம் பார்க்கும் சந்தா எல்லாம் மறுபடி விலை ஏறிவிட்டது. "இருக்கிற ரெண்டு கண்ணுக்கு மூணு சந்தாவா? ஒண்ணை வச்சுக்கிட்டு மத்ததை நிறுத்து" என்று அம்மா சொல்லிவிட்டாள். வீட்டை விட்டுப் போன பிறகும் நம் பாஸ்வேர்டில் நீங்கள் பார்க்கிறீர்களே, அதையும்தான் நிறுத்த வேண்டும். நீங்கள் பார்ப்பது அம்மாவுக்குத் தெரியாது. அந்த ஆப்பில் 'அப்பா' என்று போட்ட கட்டத்தை நான் தினமும் திறந்து பார்ப்பேன். படம் பாதியில் நின்றிருந்தால் தூங்கிவிட்டீர்கள் என்று நினைத்துக்கொள்வேன். போன மாதம் ஒரு வாரம் எதுவுமே ஓடவில்லை. காய்ச்சலோ என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நீங்கள் பார்த்த சண்டைப் படங்களை எல்லாம், பிடிக்காவிட்டாலும், நானும் பார்த்துவிட்டேன்.

நிறுத்தட்டுமா அப்பா? வேண்டாம் என்றால் அம்மாவிடம் ஏதாவது சொல்லிப் பார்க்கிறேன்.

உங்கள்
பூச்சி

மார்ச் 15

என் வாயில்லாப் பூச்சிக்கு,

உன்னிடம் பொய் சொல்ல மனசு வரவில்லை. அதில் நான் ஒரு படமும் பார்த்ததில்லை கண்ணு. கிடங்கில் மூட்டை இறக்கிவிட்டு வந்தால் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொருகிவிடும். பாஸ்வேர்டை என் அறையில் கூட இருக்கும் வெல்டரிடம் கொடுத்துவிட்டேன். பார்ப்பதெல்லாம் அவன்தான். அந்த ஒரு வாரம் அவன் ஊருக்குப் போயிருந்தான். நீ எழுதியதைச் சொன்னேன். "அண்ணே, நான் ஊருக்குப் போனதுக்கா அந்தப் பொண்ணு கவலைப்பட்டுச்சு?" என்றான்.

நிறுத்திவிடு. அம்மா சொல்வதும் நியாயம்தான்.

அப்பா

மார்ச் 22

அன்புள்ள அப்பாவுக்கு,

நேற்று அந்தச் சந்தாவை நிறுத்திவிட்டேன். உண்மையிலேயே விலகுகிறீர்களா என்று அது திரும்பத் திரும்பக் கேட்டது. ஆம், ஆம் என்று அழுத்திக்கொண்டே இருந்தேன். "இவ்ளோ கெஞ்சுறவன் விலையை ஏத்தாம இருந்திருக்கலாம்ல" என்றாள் அம்மா.

வெல்டர் மாமாவிடம் சொல்லுங்கள், அவர் பாதியில் விட்ட படத்தில் தம்பி சாகவில்லை. கடைசியில் வந்துவிடுவான்.

வேலை முடிந்து வந்து நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று இத்தனை நாள் எனக்குத் தெரியும் என்றே நினைத்திருந்தேன். ஒன்றுமே தெரியவில்லை அப்பா. பெரிதாக எழுத வேண்டாம். அந்த அறையில் எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறீர்கள் என்றாவது எழுதுங்கள்.

பூச்சி