மரகதம் அக்காவுக்கு, இயந்திர மனிதனிடமிருந்து

என் உயிரான அக்காவுக்கு,

நீ இருந்திருந்தால் இந்தச் செய்தியை ஓடி வந்து உன்னிடம்தான் முதலில் சொல்லியிருப்பேன். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இப்போதும் உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன். எனக்கு மறுபடியும் ரோபோ வேடம் கிடைத்துவிட்டது.

சிரிக்காதே. அறுபதைத் தாண்டியவனுக்கு எந்தப் புண்ணியவான் வேடம் கொடுத்தான் என்றுதானே கேட்கிறாய்? இது மேடை நாடகம் இல்லை. இணையத்தில் ஆடுகிற கதை விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, அவரவர் வீட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்தப் பாத்திரமாகவே பேசிப் பேசிக் கதையை நகர்த்த வேண்டும். தமிழிலேயே நடத்துகிறார்கள். ஒரு விண்வெளிக் கப்பலில் கதை நடக்கிறது. கப்பலில் டாக்டர் உண்டு, திருடன் உண்டு, சமையல்காரியும் உண்டு. ரோபோவுக்கு மட்டும் ஆள் இல்லை, விருப்பமுள்ளவர்கள் விண்ணப்பிக்கலாம் என்று போட்டிருந்தார்கள். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் மகள் வீட்டில் இருந்தபடி, அவளிடம்கூடச் சொல்லாமல் விண்ணப்பித்தேன்.

அதில் ஒரு கேள்வி: இதற்கு முன் ரோபோவாக நடித்த அனுபவம் உண்டா? உண்டு என்று எழுதினேன். அந்த அனுபவத்தில் பாதி உனக்குத் தெரியும். மீதிப் பாதியை நான் உன்னிடம் முழுதாகச் சொன்னதே இல்லை. இப்போது சொல்கிறேன், கேள்.

எனக்குத் திக்குவாய். 'க' என்ற எழுத்து தொண்டையில் வந்து பூட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவனுக்குக் கந்தசாமி என்று பெயர் வைத்தார்கள். யாராவது பேரென்ன என்று கேட்டால், நான் வாயைத் திறப்பதற்குள் நீ "கந்தசாமிங்க" என்று சொல்லிவிடுவாய். எருமப்பட்டிக் கடைகளில், பள்ளிக்கூடத்தில், பஸ்ஸில், நாமக்கல் ஆஸ்பத்திரியில், எங்கே போனாலும் எனக்கு வாய் நீதான். அதை நீ ஒரு பாரமாக நினைத்ததே இல்லை. எனக்குத்தான் வளர வளரக் கூச்சமாக இருந்தது.

ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்து நல்ல மார்க் வாங்கினேன். ஆனால் நேர்முகத் தேர்வுக்கு உன்னைக் கூட்டிக்கொண்டு உள்ளே போக முடியுமா? போன இடத்திலெல்லாம் பெயரைச் சொல்லும்போதே முடிந்துவிடும். "சரி தம்பி, சொல்லி அனுப்பறோம்" என்பார்கள்.

எண்பதுகளின் நடுவில்தான் ஆட்டையாம்பட்டியிலிருந்து உனக்கு அந்தச் சம்பந்தம் வந்தது. தறி ஓட்டும் குடும்பம். மாப்பிள்ளையை உனக்குப் பிடித்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு நீ கிணற்றடியில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஆனாலும் அப்பா கேட்டபோது நீ சொன்னது வேறு.

"என்ற தம்பிக்கு ஒரு வழி பொறக்கட்டுங்கப்பா. பொறவு பாக்கலாம்."

"அவனுக்கு வழி பொறக்கறக்குள்ள உனக்கு நரை உழுந்துரும் சாமி" என்றார் அப்பா.

"உழுந்தா உழுகட்டும். அம்மாவும் இல்ல, நானும் போயிட்டா அவனுக்கு யாருங்கப்பா பேசுவா?"

நான் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தேன். உன் கல்யாணம் என் நாக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறதே என்று அன்றைக்கு எனக்கு உன் மேலே கோபம்கூட வந்தது. அது அன்பால் வந்த கோபம்தானா, அக்கா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இப்போது உனக்குத் தெரியாத பாதி. கரண்டு இல்லாத நாட்களில் நம் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடுமே, அதன் பக்கத்தில் உட்கார்ந்து நான் பேசிப் பார்ப்பேன். டுக், டுக் என்ற அந்தச் சத்தத்துக்கு ஒவ்வொரு அசையாக வைத்துப் பேசினால் எனக்குத் திக்கவே திக்காது. என் பெயரைச் சொல்வேன். உன் பெயரைச் சொல்வேன். வெங்காய வயலைப் பார்த்துப் பாடம்கூட ஒப்பித்திருக்கிறேன். ஆனால் மனிதர்கள் நடுவில் அப்படிப் பேசினால் பைத்தியம் என்பார்களே? அதனால் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் பேப்பரில் அந்த விளம்பரத்தைப் பார்த்தேன். சேலம் பொருட்காட்சியில் மிக்சி, கிரைண்டர் விற்கிற ஒரு கடைக்குக் கூட்டம் சேர்க்க, பேசும் இயந்திர மனிதன் வைக்கப்போகிறார்களாம். உள்ளே நின்று பேச ஒல்லியான ஆள் தேவை. தெளிவாகப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். அந்தக் கடைசி வரியைப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது. ஆனால் இயந்திரம் எப்படிப் பேசும் என்று நினைத்துப் பார்த்தேன். நம் எஞ்சின் பேசுகிற மாதிரிதானே பேசும்? அன்றைக்கே ஒரு கார்டு எழுதிப் போட்டேன். உன்னைக் கேட்காமல் நான் செய்த முதல் காரியம் அது.

வரச்சொல்லிப் பதில் வந்தது. நாமக்கல்லில் ஒரு மோட்டார் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் சேலம் பஸ் ஏறினேன். கண்டக்டர் எங்கே என்று கேட்டபோது எஞ்சினை மனதுக்குள் ஓடவிட்டு, "சே-லம்-ஒன்-னு" என்றேன். அவர் ஒரு மாதிரி பார்த்துவிட்டு டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் தனியாகக் கேட்டு வாங்கிய முதல் டிக்கெட்.

கடைக்காரர் ராஜமாணிக்கத்தின் ஆபீஸ் ஃபேர்லேண்ட்ஸில் இருந்தது. எனக்கு முன்னால் நாடகங்களில் நடிக்கிறவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவரும் கணீரென்று வசனம் பேசிக் காட்டினார்கள். மேஜை மேல் இயந்திர மனிதனின் தலை இருந்தது. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் தகரத்தில் அடித்தது. கண்ணுக்குச் சிவப்பு பல்பு.

என் முறை வந்தது. "பேரு சொல்லுங்க தம்பி" என்றார் ராஜமாணிக்கம்.

பூட்டிக்கொண்டது. 'க' வரவே இல்லை. எஞ்சினும் மனதில் நின்றுபோனது. பின்னால் யாரோ சிரித்தார்கள். ராஜமாணிக்கம் நல்ல மனிதர், முகம் சுளிக்கவில்லை.

"கோவிச்சுக்காதீங்க தம்பி. இது பேசற வேலைங்க" என்றார்.

திரும்பி நடந்திருப்பேன், அக்கா. வாசல்வரை போயும் விட்டேன். நீ கிணற்றடியில் சிரித்த சிரிப்பு ஞாபகம் வந்தது. திரும்பி வந்தேன். யாரையும் கேட்காமல் அந்தத் தகரத் தலையைத் தூக்கி மாட்டிக்கொண்டேன். உள்ளே இருட்டு. என் மூச்சு எனக்கே பெரிதாகக் கேட்டது. அந்த மூச்சையே எஞ்சினாக்கிக்கொண்டேன்.

"என்-பெயர்-இயந்திர-மனிதன். கேள்வி-கேளுங்கள்."

ராஜமாணிக்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நீ என்னப்பா சாப்பிடுவே?"

"கரண்டு. மின்-வெட்டு-அன்று-விரதம்."

"நாளைக்கு மழை வருமா?"

"வந்தால்-குடை-கொடுங்கள். எனக்கு-ஜலதோஷம்-வராது. துரு-வரும்."

"கண்ணாலம் ஆயிருச்சா?"

"பெண்-பார்த்தார்கள். பெண்-வீட்டில்-ப்யூஸ்-போய்விட்டது."

சிரித்துக்கொண்டிருந்த அந்த நாடகக்காரர்களில் ஒருவர் எழுந்து, "சார், நாங்கெல்லாம் எந்திரமாட்டம் நடிச்சோம். இவுரு எந்திரமே தானுங்க" என்றார். தலையைக் கழற்றியபோது எனக்கு வேர்த்துக் கொட்டியது. ராஜமாணிக்கம் என் தோளைத் தட்டி, "பேரை அப்பறமா சொல்லுங்க தம்பி, நாளைக்கே வந்துருங்க" என்றார்.

அன்று சாயங்காலம் வீட்டில் சொன்னபோது உன் முகம் போன போக்கு நினைவிருக்கிறதா? நீ சந்தோஷப்படுவாய் என்று நினைத்தேன். நீயோ, "கூட்டத்துல எவனாச்சும் எதாச்சும் சொல்லிப்போட்டா என்ன பண்ணுவே சாமி? நானும் வாரேன், எந்திரத்துக்குப் பின்னாடி நின்னுக்கறேன்" என்றாய். வேண்டாம் என்று தலையசைத்தேன். உனக்கு அது வலித்தது என்று எனக்குத் தெரியும்.

பொருட்காட்சியில் என்னைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம். ராட்டினத்துக்கு நின்றவர்களைவிட என்னிடம் கேள்வி கேட்க நின்றவர்கள் அதிகம். பரீட்சையில் பாஸாவேனா, மாமியார் எப்போது ஊருக்குப் போவார், போர்வெல் போட்டால் தண்ணீர் வருமா, எல்லாவற்றுக்கும் நான் பதில் சொன்னேன். வாழ்நாள் முழுக்கச் சேர்த்து வைத்திருந்த பேச்சு. தகரம் சுட்டது, முழங்கால் வலித்தது. வேலை முடிந்து வெளியே வரவே மனசில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நீயும் அப்பாவும் வந்தீர்கள். கண் துவாரம் வழியாகப் பார்த்தேன். எல்லாரையும் போல நீ வரிசையில் நின்றாய். முறை வந்ததும் மைக்கை வாங்கிக்கொண்டாய். உள்ளே இருப்பது யாரென்று தெரிந்தும் யாரோ ஒருவரிடம் கேட்பது போலக் கேட்டாய்.

"ஏனுங்க, எந்திர மனுசருங்களா? எனக்கொரு தம்பி இருக்கறானுங்க. அவனுக்குப் பேச்சு திக்குமுங்க. இத்தன நாளும் நாந்தானுங்க அவனுக்குப் பேசுனேன். நான் கண்ணாலம் கட்டிப் போயிட்டா அவனுக்கு யாருங்க பேசுவா?"

கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். உன் குரலைக் கேட்டு மற்றவர்கள் அடங்கிவிட்டார்கள். எனக்கு மூச்சின் தாளம் தப்பியது. இவ்வளவு நாளும் விளையாட்டாகவே பதில் சொன்னவனுக்கு ஒரு வேடிக்கை வார்த்தைகூட வரவில்லை. அப்பா உன் பின்னால் துண்டைப் பிடித்தபடி நின்றார். தப்பிய தாளத்தைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அவனே-பேசுவான். நேரம்-ஆகும். கேட்பவர்கள்-பொறுத்துக்கொள்ளட்டும்."

"அப்ப நான் போலாங்களா?"

"சந்தோஷமாக-போ-அக்கா."

இயந்திரம் அக்கா என்றதும் கூட்டம் கை தட்டியது. அது நடிப்பில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டார்கள். நீ மைக்கைக் கொடுத்துவிட்டு அப்பாவிடம் போய் ஏதோ சொன்னாய். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அந்த வாரமே ஆட்டையாம்பட்டிக்கு ஆள் போனது.

நிச்சயத்தன்று நடந்ததைத்தான் நான் பெரிய வெற்றி என்பேன். கூடம் நிறைய ஜனம். சம்பந்தி என்னைப் பார்த்து, "மாப்பளைக்கு மச்சானுங்களா? பேரென்னங்க தம்பி?" என்று கேட்டார். தகரத் தலை இல்லை. மைக் இல்லை. நீ உள்ளறை வாசலில் அலங்காரத்தோடு நின்றிருந்தாய். உன் உதடு பிரிந்ததைப் பார்த்தேன். எனக்குப் பதிலாகச் சொல்லிப் பழகிய உதடு. அதை நீ பல்லால் கடித்து மூடிக்கொண்டாய்.

எஞ்சினைக் கூப்பிடலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். வேண்டாம் என்று விட்டுவிட்டேன். "க..." என்றேன். பூட்டியது. மறுபடி "க... க..." என்றேன். கூடம் முழுக்க என் வாயையே பார்த்தது. சம்பந்தி அவசரப்படவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"க... கந்தசாமிங்க."

"நல்ல பேருங்க" என்றார் அவர். அவ்வளவுதான். தட்டு மாற்றினார்கள். உனக்கு மட்டும் கண்ணில் நீர் நிற்கவில்லை. பெண் பிரிவை நினைத்து அழுகிறாள் என்று பெரியவர்கள் சொல்லிக்கொண்டார்கள்.

அதன் பிறகு ராஜமாணிக்கம் என்னைக் கடையிலேயே மெக்கானிக்காக வைத்துக்கொண்டார். பின்னால் நானே கிரைண்டர் சர்வீஸ் கடை போட்டேன். திக்குவாய் போகவில்லை, அக்கா. நானும் அதைத் துரத்துவதை விட்டுவிட்டேன்.

சரி, இந்த விளையாட்டுக்கு வருகிறேன். இதை நடத்துகிற நித்யா என்ற பெண் தேர்வுக்காக என்னைப் போனில் கூப்பிட்டாள். "சார், உங்க ரோபோ எப்படிப் பேசும்? கொஞ்சம் பேசிக் காட்டுங்க" என்றாள். பழைய தாளம் இன்னும் எனக்கு மறக்கவில்லை. ஆனால் அதை எடுக்கவில்லை. நான் எப்படிப் பேசுவேனோ அப்படியே, திக்கித் திக்கிப் பேசினேன். அவள் குறுக்கே வரவே இல்லை.

முடித்ததும், "எ... என் ரோபோ திக்கும்மா. ரிப்பேர் இல்ல. அது பேசற விதமே அ... அதுதான்" என்றேன்.

"கப்பல்ல எல்லாரும் அவசரத்துல பறக்கறவங்க சார். அவங்கள நிக்க வைக்க ஒரு ஆள் இருந்தா கதைக்கு நல்லது. இத்தன பேரு பேசிக் காட்டுனாங்க, எல்லாரும் ஒரே மாதிரி ரோபோ. உங்களோடது மட்டும்தான் ஒரு ஆளு. நீங்களே வாங்க" என்றாள்.

மகளிடம் அதன் பிறகுதான் சொன்னேன். எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். வருகிற சனிக்கிழமை சாயங்காலம் கப்பல் கிளம்புகிறது. எங்கெங்கோ இருக்கிற முகம் தெரியாதவர்கள் என் பேச்சுக்குக் காது கொடுக்கப் போகிறார்கள். நினைத்தாலே நெஞ்சு நிமிர்கிறது.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அக்கா. கப்பலே கவிழ்ந்தாலும், திருடனே துப்பாக்கியை நீட்டினாலும், ஆரம்பித்த வார்த்தையை முடிக்காமல் நான் எழுந்திருக்க மாட்டேன்.

நீ வளர்த்த தம்பி,
எருமப்பட்டி கந்தசாமி