நிலைக்கண்ணாடியும் தேர்வில் வராத அத்தியாயமும்

என் பெருமதிப்பிற்குரிய ஒரே மகளார் அவர்களுக்கு,

பெற்ற தாய் பணிவுடன் வரையும் மடல். இவ்விடம் தங்கள் தந்தையார், நான், கடையின் தையல் மெஷின்கள் மூன்று ஆக ஐவரும் நலம். மெஷின்களுள் ஒன்றுக்கு மட்டும் மிதிக்கும்போது முனகல். அவ்விடம் தாங்களும் தங்கள் செரிமானமும் சண்டை சச்சரவின்றி இருப்பீர்கள் என நம்புகிறேன். தங்கள் கடிதம் கைக்கு வந்து நாற்பது நாட்களாகின்றன. இத்துணைக் காலதாமதத்திற்கு நிபந்தனையற்ற மன்னிப்பைக் கோருகிறேன். மறதி காரணமன்று, வணிகத்தில் அறம் பற்றிய ஒரு சிக்கலில் கழுத்துவரை மாட்டிக்கொண்டிருந்தேன். மரியாதைப் பன்மை இத்துடன் நிறைவடைகிறது. மேற்கொண்டு நீ என்றே எழுதுவேன், ஏனெனில் உன்னைத் திட்ட வேண்டிய பத்தி ஒன்று பின்னால் வருகிறது.

ஆறு மாதங்களுக்கு முன் நம் கடையின் ட்ரையல் ரூமில் இருந்த பழைய கண்ணாடி புள்ளி விழுந்து, பார்ப்பவர்க்கெல்லாம் அம்மை போட்டதுபோல் காட்டியதால், ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று வாங்கினேன். கண்ணாடிக் கடைக்காரர், "ஒரே பீஸுதாம்மா இருக்கு, உங்களுக்குன்னா கொறச்சே தர்றேன்" என்றார். ஏன் குறைத்துத் தருகிறீர்கள் என்று நான் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. இதை முதலிலேயே எழுதிவைக்கிறேன், கடிதம் நீளும்போது வசதியாக மறந்துவிடுவேன். அக்கண்ணாடி வந்த வாரத்திலிருந்து எனக்குப் புகழ் வந்தது. தைத்ததைப் போட்டுப் பார்த்த ஒவ்வொருத்தியும் உள்ளேயிருந்து மலர்ந்த முகத்துடன் வெளியே வந்து, "அக்கா, உங்க கை பட்டாலே நாலு கிலோ கொறஞ்சிடுது" என்றாள். நானும் அடக்கத்துடன், அது இடுப்பு வெட்டில் நான் கையாளும் அரை இஞ்சுச் சாய்வின் மகிமை என்று விளக்கினேன். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, பிரித்த துணியைப் பார்த்தே வெட்டுக் கற்றவள் நான். யாராவது கையைப் புகழ்ந்தால் காது தானாகவே நீளும். வியாபாரிகள் சங்கத்தார் இவ்வாண்டின் சிறந்த கடை என நம் கடையைத் தேர்ந்து, ஒரு கேடயமும் ஐந்து நிமிட உரையாற்றும் வாய்ப்பும் தருவதாக அறிவித்தார்கள். நான் இருபது நிமிட உரை தயாரித்தேன்.

இந்நிலையில், ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனராகிய உன் தந்தையார் பேன்ட்டின் கால்மடிப்பைச் சரிபார்க்க ட்ரையல் ரூமுக்குள் போனார். போனவர் வெளிறிப்போய் வந்தார். "இந்தா பாரு, எங்கிட்ட மறைக்காத, டாக்டர் உங்கிட்ட தனியா ஏதாவது சொன்னாரா? நான் ஏன் இப்படி உருகிப் போயிருக்கேன்?" என்றார். இரண்டு நாட்கள் கடைசி ஆசைகள் சொல்லப்பட்டன. கைக்கடிகாரம் உனக்கு, ரேடியோ உன் அத்தைக்கு, எனக்கு அவருடைய நினைவு. மூன்றாம் நாள் டாக்டர் எடை பார்த்துவிட்டு, "சார், மூணு கிலோ கூடியிருக்கீங்க, போய்ப் பொழைக்கிற வழியப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். ஆரோக்கியமாக இருப்பதற்காக அவ்வளவு கோபப்பட்ட மனிதரை நான் கண்டதில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. பொத்தான் டப்பாவின் வட்ட மூடியைக் கண்ணாடி முன் பிடித்தேன். உள்ளே முட்டை தெரிந்தது. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நம் கடையில் கூடம் உண்மையாகவே கோணலாக இருந்து, என்னைப் பேரழகாக ஆட வைத்திருக்கிறது.

என்ன செய்வதென்று தெரியாமல், நீ அஞ்சல் வழியில் வணிக மேலாண்மை படித்தபோது வாங்கிய நெறியியல் புத்தகத்தை உன் அலமாரியிலிருந்து எடுத்தேன். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பன்னிரண்டு நாட்களில் முடித்தேன். (நேர்மை பற்றிய அத்தியாயத்தின் ஓரத்தில் "இது தேர்வில் வராது" என உன் கையெழுத்தில் உள்ளது. கண்டேன். மேலே செல்கிறேன்.) நான் புரிந்துகொண்ட வரையில் இத்துறையில் மூன்று கட்சிகள். முதல் கட்சி, விளைவைப் பார், நிறையப் பேருக்கு நன்மை என்றால் செய் என்கிறது. இரண்டாம் கட்சி, விளைவு கிடக்கட்டும், இதையே உலகத்தார் அனைவரும் செய்தால் உலகம் தாங்குமா என்று கேள் என்கிறது. மூன்றாம் கட்சி, இதைச் செய்வதால் நீ எப்படிப்பட்ட ஆளாக மாறுகிறாய் என்று வினவுகிறது. மூன்றையும் வீட்டில் விவாதத்திற்கு வைத்தேன். உன் தந்தையார் முதல் கட்சி: "வர்றவங்க எல்லாரும் சிரிச்சுட்டே போறாங்க. அழுதது நான் ஒருத்தன்தான், என்னை விட்டுத் தள்ளு" என்றார். நம் கடையில் பதினெட்டு வருடமாகப் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுப்பவளிடம், ஊரில் எல்லாக் கடைக்காரரும் இப்படி ஒரு கண்ணாடி மாட்டினால் என்ன ஆகும் என்று இரண்டாம் கட்சியின் கேள்வியைக் கேட்டேன். சிறிது யோசித்துவிட்டு, "அப்ப வேற யாரும் மாட்டாம நாம மட்டும் மாட்டிக்குவோம்க்கா" என்றாள். மூன்றாம் கேள்வியை உன் அத்தையிடம் கேட்டது என் பிழை. "நீங்க எப்படிப்பட்ட ஆளுன்னு இந்தத் தெருவுக்கே தெரியும் அண்ணி, இதுக்குப் போயி புஸ்தகமெல்லாம் எதுக்குப் பொரட்டுறீங்க" என்றாள். நான் முதல் கட்சியில் சேர்ந்தேன். கேடயம் அக்கட்சியில்தான் இருந்தது.

நம் வாடிக்கையாளரான வங்கி அம்மாவை நீ அறிவாய். கவுண்ட்டரில் உட்கார்ந்து உட்கார்ந்தே சர்க்கரை வந்தவரை, தினம் ஒரு மணி நேரம் நடக்கச் சொல்லி டாக்டர் கட்டளையிட்டிருந்தார். அந்த அம்மா அடுத்த வாரம் கோட்டு போட்டுப் பார்க்க வந்து, பக்கவாட்டில் திரும்பித் திரும்பித் தம்மையே ரசித்துவிட்டு, "டெய்லரம்மா, நடையை விட்டுட்டேன். மாத்திரையையும் பாதியாக்கிட்டேன். அதான் உங்க கண்ணாடியே சொல்லுதே, இன்னும் எதுக்கு வருத்திக்கணும்?" என்றார். ஊசி என் விரலில் ஏறியது. நிறையப் பேரின் நன்மையைக் கூட்டியபோது இந்த ஒரு பெண்மணியின் கால்களைச் சேர்க்க மறந்திருக்கிறேன். சொல்ல வாயெடுத்தேன். அவர் "ஆனா உங்க கை இருக்கே" என்று மீண்டும் ஆரம்பித்தார். வாயை மூடிக்கொண்டேன். இந்த வாக்கியத்தை எழுத எனக்கு மூன்று தாள்கள் வீணாயின.

அந்த ஞாயிற்றுக்கிழமையே யாருக்கும் சொல்லாமல் கண்ணாடியை மாற்றி, நேரான ஒன்றை மாட்டினேன். அறம் நிலைநாட்டப்பட்டது என்று கருதினேன். திங்கட்கிழமை முதல் என் கை கெட்டுவிட்டது! "என்னக்கா, இந்தத் தடவை உப்பிப் போயித் தெரியுது?", "வயசாயிடுச்சு, கண்ணு தெரியல போல, பாவம்" என்றெல்லாம் என் காதுபடவே பேசினார்கள். ஒரே கவுனை மூன்று முறை பிரித்துத் தைத்தேன், அதில் ஒரு தையலும் பிழையில்லை. வங்கி அம்மாவும் வந்தார். நேராக, பக்கவாட்டாக, மூச்சை இழுத்துப் பிடித்து எனப் பார்த்துவிட்டு, "கட்டிங் சரியில்ல" என்று சொல்லி அடுத்த தெரு டெய்லரிடம் போய்விட்டார். பிடிபடுகிறதா? அவர் தம் உடம்பைச் சந்தேகிக்கவில்லை, என் கத்தரிக்கோலைச் சந்தேகித்தார். நடை நின்றது நின்றதுதான், மாத்திரை பாதி பாதிதான். பொய்யைச் சுவரிலிருந்து கழற்றினால் போதாது போலும்; அது போய்ச் சேர்ந்த வீட்டுக்கு நாமும் போக வேண்டியிருக்கிறது. உண்மையைச் சொன்னாலோ, ஐந்து மாதப் புகழும் என் கையால் வந்ததன்று, வளைந்த கண்ணாடியால் வந்தது என்று நானே ஒப்புக்கொள்ள வேண்டும். வேறெதையும் விட்டுக்கொடுப்பேன், என் கையை விட்டுக்கொடுப்பதா? நான்கு நாட்கள் எல்லார்மீதும் எரிந்து விழுந்தேன். மூன்றாம் கட்சியின் கேள்விக்கு விடை அந்நான்கு நாட்களில் எனக்குக் கிடைத்தது; இங்கு எழுதத் தக்கதாக இல்லை.

சங்கக் கூட்டத்தன்று காலையில், மேடையில் சொல்வதற்கு முன் மனுஷியிடம் சொல்வதே முறை என்று வங்கி அம்மாவின் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப நான் இளைக்கலையா?" என்றார். இல்லை என்றேன். "ஒரு துளி கூடவா?" என்றார். இஞ்சு டேப்பை எடுத்து அளந்து, அளவு நோட்டைக் காட்டினேன். ஐந்து மாதத்தில் இடுப்பு ஒன்றரை இஞ்சு கூடியிருந்தது. நோட்டை என் கையிலேயே திணித்தார். பிறகு உள்ளே திரும்பி, "என் செருப்பு எங்க?" என்று கத்தினார். எனக்குரிய தண்டனை என்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். கண்ணைத் திறந்தபோது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். "என்ன நிக்கிறீங்க? அஞ்சு மாச நடை பாக்கி இருக்கு. நீங்களும் வாங்க டெய்லரம்மா, உங்களால வந்தது" என்றார். அன்று முதல் தினமும் காலையில் ஒரு மணி நேரம் அவர் பின்னால் நான் ஓடுகிறேன். மாத்திரை முழுசாகிவிட்டது. என் முழங்கால்கள் பாதியாகிவிட்டன. உனக்குப் பதில் எழுதத் தாமதமானதற்கு இதுவே நேரடிக் காரணம்.

மேடையில் இருபது நிமிட உரையை இரண்டு நிமிடமாக்கி உண்மையைச் சொன்னேன். பின்வரிசையில் காஜாக்காரி "ஐயோ, சொல்லிட்டாங்களே" என்றது எல்லார்க்கும் கேட்டது. கேடயம் அடுத்த தெரு டெய்லருக்குப் போனது. நானும் கை தட்டினேன், ஓசை வராமல். வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் திரும்பிவிட்டார்கள், திட்டிக்கொண்டே. கோணல் கண்ணாடியை உன் அத்தை எடுத்துப்போனாள். அதன் குணத்தை முழுதாக விளக்கிய பிறகே கொடுத்தேன்; தெரிந்து வாங்குபவரை ஏமாற்றியதாகாது என்பது உன் புத்தகத்தின் கருத்து. தினம் இருமுறை பார்க்கிறாளாம்.

இனி திட்டும் பத்தி. உன் நிறுவனம் வாடகைக்கு விடும் வீடுகளை நீ படமெடுப்பதாகவும், தீப்பெட்டி அறையைக்கூட மண்டபமாகக் காட்டுகிறாய் என்று மேலாளர் மெச்சியதாகவும் எழுதியிருந்தாய். அந்தப் படத்தை நம்பிக் கட்டிலோடு வந்து, கட்டில் நுழையாமல் வாசலில் நின்றவர் எவரேனும் உண்டா என்பதை நீ எழுதவில்லை. கூடவே நீ குடியிருக்கும் அறையின் படத்தையும் அனுப்பியிருந்தாய். உன் தந்தையார் அதைத் தெருவெல்லாம் காட்டி, "எம்பொண்ணு ரூம்ல பந்து வெளையாடலாம்" என்று சொல்லி வருகிறார். நானும் பெருமைப்பட்டேன். நேற்று மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். மூலையில் உன் சுவர்க் கடிகாரம் முட்டையாக இருக்கிறது, மகளே. பொத்தான் டப்பா மூடியைப் பார்த்த கண்ணுக்கு அது தப்பவில்லை. நாங்கள் வருந்தக்கூடாதென்று செய்திருக்கிறாய். அது முதல் கட்சி, நானும் அதில் இருந்தவள்தான், ஆகையால் அதிகம் திட்ட எனக்குத் தகுதியில்லை. உன் தந்தையாரிடம் இன்னும் சொல்லவில்லை. சிறிய அறை என்றால் எங்களுக்கு ஒரு குறையுமில்லை, அதில் நீ காலை நீட்டிப் படுக்க முடிகிறதா என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

எல்லா நலமும் பெற்று நீடு வாழ்க. வேளைக்குச் சாப்பிடு. உன் புத்தகத்தையும் பார்சலில் அனுப்பியுள்ளேன். தேர்வில் வராத அத்தியாயத்தில் நூல் வைத்து அடையாளமிட்டிருக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
உன் தாய்,
தையற்கலைஞர் (கேடயம் இல்லை)

பின்குறிப்பு: உறைக்குள் ஓர் இஞ்சு டேப் இருக்கிறது. உன் அறையின் நீளத்தையும் அகலத்தையும் அளந்து உடனே பதில் போடு.